மருந்து ஆளுக்கா, லயத்துக்கா?

கொஸ்லந்தை, பூனாகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் சிரங்கு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரவானால் பிள்ளை சொறியத் தொடங்கும். விரல் இடுக்கில், மணிக்கட்டில், தொப்புளைச் சுற்றி, இடுப்பில் பொடிப்பொடியாக எழும்பும். சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கும். தாய் ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்தகத்துக்கோ பஸ் ஏறி வைத்தியசாலைக்கோ போவாள். பூசுவதற்கு ஒரு மருந்து கிடைக்கும். இரண்டு வாரத்தில் பிள்ளை தேறிவிடும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ அதே பிள்ளை அதே இடத்தைச் சொறியும். அப்போது பழி மூன்றில் ஒன்றின் மீது விழுகிறது: மருந்து சரியில்லை, தாய் சரியாகப் பூசவில்லை, அல்லது அந்த வீட்டில் சுத்தம் போதாது. மூன்றுமே பிழையான தீர்ப்பு என்பது என் வாதம். மருந்து நல்ல மருந்துதான். தாயும் தன்னால் இயன்றதைச் செய்தாள். நோய் பத்து வீட்டுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்க, மருந்தை மட்டும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து அனுப்பியதுதான் இங்கே நடந்த தவறு. மலையகத்தில் சிரங்குக்கு வைத்தியம் செய்ய வேண்டிய அலகு நோயாளி அல்ல, லயம். ஒரு லயம் முழுவதும், இயன்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு முழுவதும், ஒரே நாளில் மருந்து எடுத்தாக வேண்டும். இதற்கான சான்று உலகத்தில் பத்து ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது.

முதலில் நோயைப் பார்ப்போம். சிரங்கை உண்டாக்குவது கண்ணுக்கு எட்டியும் எட்டாத ஒரு சிற்றுண்ணி. பெண் உண்ணியின் நீளம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அது தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளே போய், போகிற வழியெல்லாம் நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடுகிறது. நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்கை விரித்துப் பார்த்தால், பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய சாம்பல் கோடு தெரியும். அதுதான் அது குடைந்த பாதை. முட்டை மூன்று நான்கு நாளில் பொரிக்கும், இரண்டு வாரத்துக்குள் குஞ்சு முழு உண்ணியாகிவிடும். சாதாரணச் சிரங்கு வந்த ஒருவர் உடம்பில் மொத்தமே பத்து, பன்னிரண்டு உண்ணிகள்தான் இருக்கும். அரிப்பு அதன் கடியால் வருவதில்லை. உண்ணியின் உடலையும் கழிவையும் நம் உடம்பு எதிர்ப்பதால் வருகிறது. அந்த எதிர்ப்பு மூள முதல் தடவையில் நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை சொறியத் தொடங்கும் நாளில் அதே கம்பளிக்குள் படுக்கும் தங்கை மீதும் உண்ணி ஏறியிருக்கலாம். ஆனால் அவள் இன்னும் ஒரு மாதத்துக்குச் சொறிய மாட்டாள். மருந்து வாங்கப் போகும் தாய் அவளைக் கூட்டிப் போவதும் இல்லை.

இனி லயத்தைப் பார்ப்போம். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை வீடு. முன்னால் ஒரு இஸ்தோப்பு, உள்ளே ஏறத்தாழ பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, பின்னால் அடுப்படி. சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டி இரட்டை வரிசை. ஒரு காம்பிராவில் தாத்தா பாட்டியும் மகனும் மருமகளும் பிள்ளைகளும் படுக்கிறார்கள். ஊவாவின் மலைச்சரிவில் இரவுக் குளிர் கடுமையானது; நான்கு பேர் ஒரு கம்பளிக்குள் நெருங்கிப் படுப்பது அந்தக் குளிருக்கு ஏழை கண்ட வழி. சிரங்கு உண்ணிக்கு வேண்டியதும் அதே நெருக்கம்தான்: தோலோடு தோல் சில நிமிடங்களுக்குமேல் ஒட்டியிருந்தால் போதும். காலையில் தாய் பெரட்டுக்குப் போகுமுன் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுப் போகிறாள். அங்கே ஐந்தாறு லயத்துக் குழந்தைகள் ஒரே பாயில் தூங்குகின்றன. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பக்கத்துக் காம்பிராவில் அத்தை வீட்டில் சாப்பிட்டு அங்கேயே தூங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ‘வீட்டில் உள்ள எல்லோரும் பூசுங்கள்’ என்று வைத்தியர் சொல்லும்போது, அந்த ‘வீடு’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

மீரியபெத்த என்ற பெயர் நாட்டுக்குத் தெரிந்தது 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடிய பிறகுதான். அந்த இடம் ஆபத்தானது, மக்கள் இடம்பெயர வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை சரியானது. போகச் சொன்னவர்கள் எங்கே போவது என்பதற்கு ஓர் இடத்தைக் காட்டவில்லை. ஆகவே மக்கள் அங்கேயே இருந்தார்கள். தப்பியவர்கள் முதலில் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளில் தங்கினார்கள். பிறகு மக்கல்தெனியவில் மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில் குடும்பம் குடும்பமாகத் தடுப்பு வைத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு இருந்தார்கள். 75 புதிய வீடுகள் கைக்கு வந்தது 2016 ஒக்டோபரில். இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. சரியான அறிவுரையைச் சொல்லிவிட்டு அதைப் பின்பற்றும் வழியை மட்டும் கொடுக்காமல் விடுவது மலையகத்துக்குப் பழகிப்போன ஒன்று. சிரங்கிலும் அதுவே நடக்கிறது. ‘எல்லோரும் ஒரே நாளில் பூசுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி பூசுங்கள், துணியைக் கொதிநீரில் அவித்துக் காயப்போடுங்கள்’ என்ற அறிவுரையில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை. ஏழு பேருக்கு இரண்டு தடவைக்கான மருந்தையும், ஏழு பேரின் துணியை ஒரே நாளில் அவிக்கும் விறகையும் தண்ணீரையும், மழை மாதத்தில் காயவைக்க வெயிலையும் யார் கொடுப்பது?

அந்த அறிவுரையை நிறைவேற்றப் பார்க்கும் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, நகத்தின் அடி, விரலின் இடுக்கு, அந்தரங்க மடிப்பு என்று ஓரிடம் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து கழுவ வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ 30 கிராம், அதாவது ஒரு டியூப் செல்லும். அவள் வேலை முடித்து, குளித்து, சமைத்து, பிள்ளைகளுக்குப் பூசி, கடைசியாகத் தனக்குப் பூசும்போது இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். விடிய நான்கு மணிக்கு எழுந்து ரொட்டிக்கு மாப் பிசைய வேண்டும். அப்போது முதலில் கழுவப்படுவது கை. உண்ணி அதிகம் இருக்கும் இடமும் கைதான்: மூன்றில் இரண்டு பங்கு உண்ணிகள் கையிலும் மணிக்கட்டிலுமே கிடைக்கின்றன என்று இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எண்ணிக் கணக்கிட்டிருக்கிறார்கள். கழுவினால் கைக்கு மறுபடி பூச வேண்டும் என்பது மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். அந்தக் கையோடு அவள் பனி நனைந்த மலைக்குப் போகிறாள். இந்த மருந்து அவள் வாழ்க்கையை அறிந்து செய்யப்பட்டதல்ல. அவள் மீது குறை சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

மனிதத் தோலில் வாழும் இன்னொரு சிற்றுண்ணியின் கதையைச் சொன்னால், எதற்கு எவ்வளவு கவனம் கிடைக்கிறது என்பது விளங்கும். டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணி வளர்ந்தவர்கள் ஏறத்தாழ எல்லோர் முகத்திலும் மயிர்க்கால்களுக்குள் வாழ்கிறது. பெரும்பாலானோருக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ரோசேசியா என்ற நோயில் கன்னமும் மூக்கும் சிவந்து, சிறு இரத்தக் குழாய்கள் தெரிந்து, பரு போலப் பொடி எழும்பும். அந்த நோயாளிகளின் முகத்தில் இந்த உண்ணி அதிகமாக இருப்பது பல ஆய்வுகளில் கண்ட விடயம். ஆனால் உண்ணி பெருகியதால் நோய் வந்ததா, சிவந்து சூடேறிய தோலில் உண்ணி பெருகியதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. உண்ணியின் உடலுக்குள் வாழும் ஒரு பக்டீரியாவே தோலை உறுத்துகிறது என்று அயர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அதுவும் முடிந்த முடிவல்ல. அப்படியிருந்தும் ஐவர்மெக்டின் 1 சதவீதக் களிம்பு ரோசேசியாவைத் தணிக்கிறது என்று பரிசோதனைகளில் தெரிந்ததும், 2014 டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. மீரியபெத்த சரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் களிம்பால் முகம் தேறியவர்களுக்காக நான் மகிழ்கிறேன். முகம் சிவந்து கிடப்பதும் ஒரு வேதனைதான். குற்றம் முழுதாக நிரூபணமாகாத உண்ணிக்கே ஒரு மருந்தைப் பக்குவப்படுத்தி, பரிசோதித்து, அனுமதி வாங்கி, கடைக்குக் கொண்டுவர முடிந்தது. அந்த முயற்சியில் ஒரு பங்காவது, குற்றம் என்றோ நிரூபணமான உண்ணிக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

என்றோ என்று சும்மா சொல்லவில்லை. சிரங்குக்குக் காரணம் இந்த உண்ணிதான் என்று இத்தாலியில் பொனோமோவும் செஸ்தோனியும் நுண்ணோக்கியில் பார்த்து எழுதியது 1687-ல். ஒரு நோய்க்குக் காரணமான உயிர் இன்னது என்று மனிதர் கண்ணால் கண்டு சொன்ன முதல் சம்பவங்களில் அது ஒன்று. வைத்திய உலகம் அதை நம்ப மறுத்து, இரத்தத்தில் கெட்ட நீர் சேர்வதால் சிரங்கு வருகிறது என்றே இன்னும் நூற்றைம்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு கோர்சிக்காத் தீவிலிருந்து பாரிசுக்குப் படிக்க வந்த ரெனுச்சி என்ற மாணவர், தன் ஊர்க் கிழவிகள் செய்வது போல ஊசி முனையால் உண்ணியைத் தோண்டி எடுத்து 1834-ல் எல்லோருக்கும் காட்டினார். ‘சூட்டு உடம்பு, அதனால்தான் சிரங்கு’ என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்கிறோம். சூடு தணிய என்று எதைக் குடித்தாலும் தோலுக்குள் இருக்கும் உண்ணிக்கு அது தெரியப்போவதில்லை.

சான்றுக்கு வருகிறேன். ஃபீஜித் தீவுகளில் 2012-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் ஏறத்தாழ 2,000 பேர் வாழும் மூன்று தீவுச் சமூகங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் வழக்கமான வைத்தியம்: சிரங்கு கண்டவருக்கும் அவரோடு நெருங்கிப் பழகுவோருக்கும் பெர்மெத்ரின் களிம்பு. இரண்டாவதில் சிரங்கு இருக்கிறதோ இல்லையோ எல்லோருக்கும் அதே களிம்பு. மூன்றாவதில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை. ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். முதல் சமூகத்தில் சிரங்கு 36.6 சதவீதத்திலிருந்து 18.8 ஆகவும், இரண்டாவதில் 41.7-லிருந்து 15.8 ஆகவும் குறைந்தது. மூன்றாவதில் 32.1-லிருந்து 1.9 ஆக விழுந்தது. இரண்டாண்டு கழித்தும் அங்கே நான்கு சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. இந்த எண்களை நேர்மையாகப் படிக்க வேண்டும். வழக்கமான வைத்தியம் பயனற்றது என்று அவை சொல்லவில்லை. அதுவும் பாதியைக் குறைத்திருக்கிறது. எல்லோருக்கும் களிம்பைக் கொடுத்தால் மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை. களிம்பு எல்லோர் கைக்கும் போனதே தவிர, எல்லோர் தோலிலும் சரியான நேரம் வரை நின்றிருக்காது. சுகாதார ஊழியர் பார்த்துக்கொண்டிருக்க விழுங்கிய மாத்திரைக்குத்தான் வித்தியாசம் மலையளவு. விடிய நான்கு மணிக்குக் கை கழுவும் பெண்ணுக்கும் மாத்திரை வேலை செய்யும். சொலமன் தீவுகளில் 26,000 பேருக்கு ஐவர்மெக்டினோடு ஒரு நுண்ணுயிர்க்கொல்லியையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஓராண்டில் சிரங்கு 18.7 சதவீதத்திலிருந்து 2.3 ஆனது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2019-ல் ஐவர்மெக்டினைச் சிரங்குக்கான அத்தியாவசிய மருந்தாக ஏற்றது. ஒரு சமூகத்தில் பத்தில் ஒருவருக்கு மேல் சிரங்கு இருந்தால் எல்லோருக்கும் மருந்து கொடுக்கலாம் என்பது அதே ஆண்டில் அதன் நிபுணர் கூட்டம் வகுத்த அளவுகோல்.

‘சிரங்குதானே, அதற்கு ஏன் இவ்வளவு?’ என்று கேட்கலாம். டெங்கு இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது, மலை சரிகிறது. சொறிகிற பிள்ளை சாகப்போவதில்லையே என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, தோட்டத்துப் பெற்றோருக்கும் உண்டு. நம் நாட்டில் வைத்தியர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிரங்கு இல்லை. ஆனால் அந்தப் புண் அங்கேயே நின்றுவிடுவதில்லை. சொறிந்து திறந்த தோலில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி ஏறுகிறது. அந்தத் தொற்றுக்கு எதிராக உடம்பு எழுப்பும் எதிர்வினை சில பிள்ளைகளின் சிறுநீரகத்தைத் தாக்குகிறது: முகம் வீங்கும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும், இரத்த அழுத்தம் ஏறும். பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். ஆனால் அவுஸ்திரேலியாவின் வடக்கே பழங்குடிச் சமூகங்களில், சிறுவயதில் இப்படிச் சிறுநீரகம் பாதித்தவர்கள் வளர்ந்த பிறகு நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். சொலமன் தீவுகளில் 1990-களின் பிற்பகுதியில் ஐந்து சிறு தீவுகளில் சிரங்கை அடக்கியபோது, பிள்ளைகளின் தோல் புண் குறைந்ததோடு, சிறுநீரில் இரத்தம் கசிவதும் குறைந்தது. இதெல்லாம் ஒரு பக்கம். இரவெல்லாம் சொறிந்து தூங்காத பிள்ளை காலையில் வகுப்பில் தூங்குவதும், ‘சிரங்குக்காரி’ என்று மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மறுப்பதும் எந்தப் பட்டியலிலும் வராத இழப்புகள்.

இதற்கு எழும் மறுப்புகளில் அடிக்கடி கேட்பது, இது சுத்தம் பற்றிய விடயம் என்பது. குளித்து, துவைத்து, ஒழுங்காக இருந்தால் சிரங்கு ஏன் வருகிறது என்கிறார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரில் 1941 முதல் கென்னத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் இதைச் சோதித்தார். போருக்குப் போக மனச்சாட்சி இடங்கொடாத இளைஞர்கள் அவருக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள். சிரங்கு வந்த படைவீரர்கள் போர்த்திய, கழுவாத கம்பளிகளுக்குள் அவர்களை நிர்வாணமாகப் படுக்க வைத்தார். அந்தப் படைவீரர்கள் கழற்றிய உள்ளாடைகளை அணிய வைத்தார். இப்படி நடத்திய 63 சோதனைகளில் இரண்டில் மட்டுமே சிரங்கு தொற்றியது. ஆனால் சிரங்கு வந்தவரோடு ஒரே படுக்கையில் படுத்தவர்களுக்குத் தொற்றியது. தோலுக்குள் குடைந்து கிடக்கும் உண்ணியைச் சவர்க்காரம் எட்டாது. நாளுக்கு இரண்டு தடவை குளிப்பவருக்கும் வரும். நகரத்து விடுதிகளிலும் ஐரோப்பாவின் முதியோர் இல்லங்களிலும் வருகிறது. சுத்தம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. புண்ணில் கிருமி ஏறாமலிருக்கச் சுத்தமான தண்ணீர் கட்டாயம் வேண்டும். பீலித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் லயங்களுக்கு அதைக் கொடுக்க வேண்டிய கடமையும் இருக்கிறது. ஆனால் சிரங்கைச் சுத்தக்குறைவின் அடையாளமாக்கினால் நடப்பது ஒன்றே: வெட்கப்பட்டு மறைப்பார்கள். மறைத்த நோய் பக்கத்துக் காம்பிராவுக்குப் போகும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதைச் சொல்பவர்கள் மலையகத்தின் மீது உண்மையான அக்கறை உள்ளவர்கள். லயம்தான் நோய், இருநூறு வருடத்து லயத்தை இடித்து, காணியோடு தனி வீடு கொடுக்காமல் மாத்திரை கொடுப்பது புண்ணுக்கு மேல் துணி சுற்றுவது என்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக நம் மண்ணிலேயே ஒரு சான்றும் இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளில் பல ஆண்டுகளாகப் பூச்சி மருந்து கொடுத்து வந்தும், பத்து ஆண்டு கழித்துச் சோதித்த ஓர் ஆய்வில் பத்தில் ஏறத்தாழ மூன்று பிள்ளைகள் வயிற்றில் புழு இருந்தது. கழிப்பிடமும் தண்ணீரும் மாறாத இடத்தில் புழு திரும்பி வருகிறது. இந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. வீடும் காணியும் மலையகத்துக்கு அரசு பட்டிருக்கும் கடன். ஆனால் மண்ணில் முட்டையிட்டுக் காத்திருக்கும் புழுவுக்கும் சிரங்கு உண்ணிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சிரங்கு உண்ணிக்கு மனிதத் தோலைத் தவிர வேறு வீடு இல்லை. உடம்பை விட்டு இறங்கினால் இரண்டு மூன்று நாளில் பொதுவாகச் செத்துவிடும். ஆகவே ஒரு சமூகத்தின் எல்லா உடம்பிலிருந்தும் ஒரே நேரத்தில் அதைத் துடைத்தெடுத்தால், அது பதுங்கித் திரும்பி வர இடமில்லை. வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. ஃபீஜியில் வீடுகளைக் கட்டிவிட்டு மருந்து கொடுக்கவில்லை. மருந்து வாங்க மாதங்கள் போதும். மீரியபெத்தவில் 75 வீடு கட்டவே இரண்டு ஆண்டு ஆனது. எல்லா லயங்களும் வீடாகும் வரை இன்று பிறக்கும் பிள்ளை சொறிந்துகொண்டிருக்க வேண்டுமா?

நோயில்லாதவருக்கு மருந்து கொடுப்பது முறையா, தோட்டத்து மக்களைப் பரிசோதனைப் பொருளாக்குவதா என்ற கேள்வியை அலட்சியமாகத் தாண்டக் கூடாது. கேட்காமல், விளக்காமல், பெரட்டுக் களத்தில் நிறுத்தி எதையும் விழுங்க வைக்கும் பழைய பழக்கம் திரும்பக் கூடாது. வேண்டாம் என்பவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும். ஆனால் நோய் வெளித்தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் ஒரு தொற்றில், இன்று சொறியாதவரை நோயில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? இந்த வழி நம் நாட்டுக்குப் புதிதுமல்ல. யானைக்கால் நோயை ஒழிக்க 2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில் நோய் இருந்தவர் இல்லாதவர் எல்லோருக்கும் ஆண்டுதோறும் மாத்திரை கொடுத்தார்கள். 2016-ல் அந்த நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றது. கொழும்பில் வாழ்பவருக்கு முறையாக இருந்தது கொஸ்லந்தையில் வாழ்பவருக்கும் முறைதான். ஐவர்மெக்டின் ஆற்றுக்குருடு நோய்க்காக 1987 முதல் ஆபிரிக்காவில் கோடிக்கணக்கானோர் விழுங்கிவரும் மருந்து. அதைக் கண்டவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனாக் காலத்தில் அதற்குச் சம்பந்தமில்லாத நோய்க்கு அதைப் பிடித்துக்கொண்டு ஓடியதால் வந்த கெட்ட பெயர் மருந்தின் குற்றமல்ல. ஃபீஜியில் தலைவலி, வயிற்றுவலி, அரிப்பு போன்ற இலேசான தொல்லைகளே வந்தன. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மாத்திரை கொடுப்பதில்லை, அவர்களுக்குக் களிம்பு. மருந்துக்கு உண்ணி பழகிவிடாதா என்றால், பழகக் கூடும். சில நாடுகளில் பெர்மெத்ரின் முன்போலக் கேட்பதில்லை என்று வைத்தியர்கள் எழுதுகிறார்கள். அரைகுறையாகப் பூசி, பாதிப் பேரை விட்டுவிட்டு, அதே மருந்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொடுப்பதே அந்தப் பழக்கத்தை வளர்க்கும் வழி. ஒரே முறையில் முழுதாக முடிப்பது அதற்கு எதிரான வழி.

மருந்துக் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரிப்பு தாங்காமல் டவுனுக்குப் போய், வைத்தியர் சீட்டு இல்லாமல் வாங்கும் பல களிம்புகளில் ஸ்டீரொய்ட் இருக்கிறது. பூசியதும் அரிப்பு அடங்கும், உண்ணி அடங்காது. தோலின் எதிர்ப்பு குறைந்ததால் அது மேலும் பெருகும். பொடியும் கோடும் மங்கிப்போவதால் பிறகு பார்க்கும் வைத்தியருக்கே சிரங்கு என்று கண்டுபிடிப்பது கடினமாகும். அதே வகைக் களிம்பை முகம் வெளுக்க என்று மாதக்கணக்கில் பூசும் இளம் பெண்களுக்கு முகம் சிவந்து எரிந்து, ரோசேசியா போலவே பொடி எழும்புகிறது. முகத்து உண்ணியும் அங்கே பெருகுகிறது. இரண்டு உண்ணிகளுக்கும் ஒரே களிம்பு உரம் போடுகிறது. அரிப்புக்கு எந்தக் களிம்பையும் பூசுமுன், வீட்டில் வேறு யாராவது இரவில் சொறிகிறார்களா என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இதை யார் செய்வது என்ற கேள்வியில்தான் மலையகத்தின் நல்ல காரியங்கள் பல நின்றுபோகின்றன. தோட்டத்துச் சுகாதாரம் நிருவாகத்தின் பொறுப்பு என்று அரசும், அரசின் பொறுப்பு என்று நிருவாகமும் கையைக் காட்டும். இந்த விடயத்தில் தலைமை மாகாணச் சுகாதாரத் திணைக்களத்திடம் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஒரு தொற்றைத் தடுக்கும் ஆளும் அதிகாரமும் அவர்களிடமே இருக்கின்றன: சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், லயம் லயமாக ஏறி இறங்கும் குடும்பநல உத்தியோகத்தர். நிருவாகம் செய்ய வேண்டியது ஒன்று: மருந்து கொடுக்கும் நாளில் யாருடைய நாட்சம்பளமும் வெட்டுப்படக் கூடாது. நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் ஊருக்கு வருகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு மருந்து கொடுத்தால் அடுத்த பண்டிகையோடு சிரங்கும் வீடு வரும். இன்னொன்றும் உண்டு. 2023 மார்ச்சில் பூனாகலையில் மண் சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலில் பதுளை மாவட்டம் சிதைந்தபோதும் மக்களைப் பொது மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் நெருக்கித் தங்க வைக்க வேண்டி வந்தது. அப்படி ஒரு முகாம் திறக்கும் நாளிலேயே பாய், பால்மா, தண்ணீர்ப் போத்தல் பட்டியலோடு சிரங்கு மருந்தும் போக வேண்டும்.

முதலில் வேண்டியது பெரிய திட்டமல்ல. அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் ஒரு பிரிவை எடுத்து, பிள்ளைக் காம்பிராவிலும் பாடசாலையிலும் லயங்களிலும் எல்லோர் கையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து எண்ணுங்கள். பத்தில் ஒருவருக்கு மேல் இருந்தால், பதுளை போதனா வைத்தியசாலையின் தோல் வைத்திய நிபுணர்களின் மேற்பார்வையில் அந்தப் பிரிவு முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து கொடுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் இரண்டாம் தடவை கொடுங்கள். ஓராண்டு கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணியதை லயத்து மக்களுக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் இந்த ஒன்றை இந்த ஆண்டிலேயே தொடங்கும்படி கேட்கிறேன். தோட்டத்து ஆசிரியர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் இதைத் தங்கள் கோரிக்கையாக எடுத்து, சம்பளப் பேச்சு நடக்கும் மேசையிலேயே வைக்க வேண்டும்.